ஆடுகளமும் பண்பாடும்: கபினிக் கரை கற்பிக்கும் பாடம்

மைசூரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கபினி ஆற்றின் வலக்கரையில் அமைந்திருக்கிறது நஞ்சன்கூடு. ஸ்ரீகண்டேசுவரர் திருக்கோயிலால் ‘தட்சிண காசி’ என்று பெயர் பெற்ற இவ்வூரில், பங்குனியை ஒட்டி ஐந்து தேர்கள் வலம் வரும் பெருவிழா ஆண்டுதோறும் நடைபெறுகிறது. ஆயிரக்கணக்கானோர் வடம் பிடிக்கின்றனர். உடல் வலிமையும், கூட்டு முயற்சியும், பார்ப்போரின் ஆரவாரமும் அங்கு நிறைந்திருக்கின்றன. ஆயினும் தேரோட்டத்தில் வென்றவர் இல்லை; தோற்றவரும் இல்லை. தேர் நிலைக்கு வந்து சேர எத்தனை நிமிடங்கள் ஆயின என்று கணக்கிட்டு, சென்ற ஆண்டின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பாரும் இல்லை.

இதே ஊரின் பள்ளித் திடலில் 100 மீட்டர் ஓட்டம் நடைபெறும்போது நிலைமை வேறாகிறது. கோடு கிழிக்கப்படுகிறது, நேரம் அளக்கப்படுகிறது, முதலில் வந்தவன் பெயர் ஏட்டில் எழுதப்படுகிறது. அந்த எண்ணை உலகின் எந்த நாட்டு மாணவனின் எண்ணுடனும் ஒப்பிடலாம். ஓர் ஊரில், ஒரே தலைமுறையினரின் கண்முன் நிகழும் இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையா, உறவா? மேலை நாடுகளில் உருவான நவீன விளையாட்டு, பிற சமுதாயங்களின் பண்பாட்டில் எத்தகைய இடத்தைப் பெறுகிறது? சமூகவியல் மாணவர்க்கும், விளையாட்டு வளர்ச்சிக்கென நிதி ஒதுக்கும் அலுவலர்க்கும் இது பொதுவானதொரு வினாவாகும். கபினிக் கரையில் அமைந்த மூன்று நான்கு ஊர்களே இதற்குத் தெளிவான விடை தருகின்றன.

நவீன விளையாட்டின் இயல்பு

ஆலன் கட்மன் என்னும் அமெரிக்க அறிஞர் 1978இல் வெளியிட்ட ஆய்வில், நவீன விளையாட்டுக்கு ஏழு இயல்புகளை வகுத்துரைத்தார். சமயச் சார்பின்மை, பங்கேற்பில் சமவாய்ப்பு, தனித்திறன் வளர்ச்சி, பகுத்தறிந்து அமைத்த விதிகள், நிர்வாக அமைப்பு, அளவீடு, சாதனைகளைத் தேடும் முனைப்பு என்பன அவை. நஞ்சன்கூட்டுத் தேரோட்டத்தில் இவற்றுள் ஒன்றையும் முழு அளவில் காண இயலாது. பள்ளித் திடலின் ஓட்டத்திலோ ஏழையும் காணலாம்.

இவ்வியல்புகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வடிவம் பெற்றன. கால்பந்தாட்டத்தின் விதிகள் 1863இல் இலண்டனில் தொகுக்கப்பட்டன. கூடைப்பந்து 1891இலும், கைப்பந்து 1895இலும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சியாளர்களால் உருவாக்கப்பட்டன. படைவீரர், பாதிரிமார், பள்ளி ஆசிரியர், இரயில்வே ஊழியர் ஆகியோர் இவற்றை ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் கொண்டு சென்றனர். தென்னிந்தியாவில் இப்பணிக்கு முறையான அடித்தளம் இட்டவர் ஹாரி குரோ பக். 1920இல் சென்னையில் அவர் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் பயின்றவர்கள் பல பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்களாகச் சென்றனர். 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்தியக் குழுவுடன் பக் அவர்களும் சென்றார்.

இவ்வரலாற்றைக் குறித்து இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. நவீன விளையாட்டு ஆள்வோரின் கருவியாக வந்து, நாட்டு விளையாட்டுகளை அழித்தது என்பது ஒன்று. பழமையில் தேங்கிக் கிடந்த சமுதாயங்களுக்கு ஒழுங்கையும் சமத்துவத்தையும் அது கற்பித்தது என்பது மற்றொன்று. இவ்விரண்டு கருத்துகளுக்கும் பொதுவானதொரு குறை உண்டு. பெற்றுக்கொண்ட மக்கள் தம் பங்கிற்கு என்ன செய்தனர் என்பதை இரண்டுமே வினவுவதில்லை.

பெற்றவர் செய்த மாற்றங்கள்

மக்கள் செய்தது ஏராளம். பாப்புவா நியூகினியாவைச் சேர்ந்த டிரோபிரியாண்ட் தீவுகளுக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாதிரிமார் கிரிக்கெட்டைக் கொண்டு சென்றனர். ஊர்ச் சண்டைகளுக்கு மாற்றாக அமையட்டும் என்பது அவர்களுடைய எண்ணம். தீவு மக்கள் ஆட்டத்தை ஏற்றனர். ஆனால் அதை உருமாற்றினர். ஓர் அணியில் பதினொருவர்தாம் ஆட வேண்டும் என்ற வரம்பு மறைந்தது. இரு அணியிலும் சம எண்ணிக்கை இருந்தாற் போதும் என்றாயிற்று. விக்கெட் விழும்போதெல்லாம் அணியினர் கூடி நடனமாடினர். விருந்தளித்து ஆட்டத்தை நடத்தும் ஊரே இறுதியில் வெல்வது மரபாயிற்று. 1970களின் நடுவில் எடுக்கப்பட்ட ஆவணப்படம் ஒன்று இதை உலகறியச் செய்தது.

ஜப்பான் வேறு வழியை மேற்கொண்டது. 1872இல் ஹோரஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர் அங்குப் பேஸ்பால் ஆட்டத்தை அறிமுகப்படுத்தினார். ஜப்பானியர் அதன் விதிகளை மாற்றவில்லை. பயிற்சியின் பொருளை மாற்றினர். கடும் உழைப்பும் குழுவுக்குப் பணிதலும் அவ்வாட்டத்தின் உயிராயின. மறுபுறம், தம் பழைய மற்கலையைக் கானோ ஜிகோரோ 1882இல் ‘ஜூடோ’வாகச் சீரமைத்து, நிலைகளும் விதிகளும் வகுத்தார். 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் அது இடம் பெற்றது. நவீன விளையாட்டின் அமைப்பைக் கற்றுக்கொண்டு, சொந்தச் சரக்கை அவ்வமைப்பிலேயே உலகுக்கு அனுப்பிய நிகழ்ச்சி இது.

ஈரான் நாட்டின் ‘சூர்கானே’ என்னும் பயிற்சிக் கூடம் மூன்றாவது வழியைக் காட்டுகிறது. தாழ்ந்த களம், கர்லாக்கட்டை, முரசொலி, பாட்டு, பெரியோர்க்கு வணக்கம் என்ற பழைய வடிவிலேயே அது நிலைத்தது. யுனெஸ்கோ நிறுவனம் 2010இல் அதனை மானுடத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. தமிழில் நாம் வழங்கும் ‘பயில்வான்’ என்ற சொல்லும் பாரசீகத்திலிருந்து வந்ததே என்பதை இங்கு நினைவுகூரலாம்.

ஆகவே உருமாற்றுதல், உள்வாங்கிச் சீரமைத்தல், பழமையைக் காத்தல் என மூன்று வழிகள் உண்டு எனலாம். மைசூர் வட்டாரத்தில் இம்மூன்றும் அருகருகே நிகழ்ந்துள்ளன.

கோதாவும் விரிப்பும்

மைசூர் அரசர்கள் விசயநகர மரபைத் தொடர்ந்து 1610ஆம் ஆண்டு முதல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் கொண்டாடத் தொடங்கிய தசரா விழாவில் மற்போருக்குச் சிறப்பிடம் இருந்தது. அதன் மிகப் பழைய வடிவம் ‘வஜ்ரமுஷ்டி’. ஜெட்டிகள் எனப்படும் மல்லர் குலத்தார் தலையை மழித்து, கைவிரல்களில் முள்முனை கொண்ட கவசம் பூண்டு, அரண்மனை முற்றத்தில் விசயதசமியன்று மோதுவர். ஒருவர் தலையில் முதல் குருதித்துளி தோன்றியவுடன் போர் முடிவுறும். நிம்பஜா தேவி அவர்களுடைய குலதெய்வம். இது சில நொடிகளில் முடிந்துவிடும் சடங்கு. இதில் சாதனைப் பட்டியலுக்கு இடமில்லை. மைசூர், பெங்களூர், சன்னபட்டணம், சாமராஜநகர் ஆகிய ஊர்களின் ஜெட்டிக் குடும்பங்கள் இதை இன்றும் நடத்தி வருகின்றன. இது காக்கப்பட்ட பழமையாகும்.

பொதுமக்களின் மற்போரோ ‘கரடி மனை’களில் வளர்ந்தது. தமிழ்நாட்டின் சிலம்பக்கூடத்தை ஒத்த இக்கூடங்களில் செம்மண் பரப்பிய கோதாவே களம். வஸ்தாது என மதிக்கப்படும் ஆசான், விடியற்காலையில் இளைஞர்களுக்குத் தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் பயிற்றுவிப்பார். களத்தில் இறங்குமுன் மண்ணைத் தொட்டு வணங்குவது மரபு. கட்டணத்தைவிடக் கட்டுப்பாடே அங்குப் பெரிது.

இக்குஸ்தி தசராவில் இருவகையாக நடைபெறுகிறது. ஒன்று, மண்ணில் நடக்கும் ‘நாடக் குஸ்தி’. எதிராளியின் முதுகை மண்ணில் படியச் செய்பவனே வென்றவன். புள்ளிக் கணக்கு இல்லை. விழாவுக்கு முன்னர் ‘ஜோடி கட்டுதல்’ என்னும் நிகழ்ச்சி உண்டு. பயில்வான்கள் ஒன்றுகூட, அனுபவம் வாய்ந்தவர்கள் இருவரை அருகருகே நிறுத்தி, உடற்கட்டையும் திறனையும் நோக்கி இணை சேர்ப்பார்கள். மற்றொன்று, விரிப்பின் மீது பன்னாட்டு விதிகளின்படி நடக்கும் ‘பாயிண்ட் குஸ்தி’. அங்கு எடைப்பிரிவை எந்திரம் முடிவு செய்கிறது. மூன்று மூன்று நிமிடமாக இரு பகுதிகளில் புள்ளிகள் எண்ணப்படுகின்றன. ஆயினும் வென்றவர்க்குக் கிடைக்கும் ‘தசரா கேசரி’, ‘தசரா கண்டீரவா’ போன்ற பட்டங்கள் பழைய மரபின் மொழியிலேயே வழங்கப்படுகின்றன. மகளிர்க்கு ‘தசரா கிஷோரி’ பட்டம் உண்டு. பெண்கள் கால்வைக்க அனுமதியாத கோதா மரபிலிருந்து, பெண்ணுக்குப் பட்டமளிக்கும் விழா வரை நிகழ்ந்திருக்கும் மாற்றம் சிறிதன்று. அம்மாற்றத்திற்கு வழிதிறந்தது பன்னாட்டு விதிகளின் வருகையே.

நஞ்சன்கூடு வட்டத்திலேயே கபினிக் கரையில் உள்ள சுத்தூரிலும் இதே கலவையைக் காணலாம். அங்குள்ள வீரசைவ மடத்தின் ஆண்டுத் திருவிழா தை மாதத்தை ஒட்டி ஆறு நாள்கள் நடைபெறுகிறது. தேரோட்டம், கூட்டுத் திருமணம், வேளாண்மைக் கண்காட்சி, பஜனைப் போட்டி, கோலப் போட்டி ஆகியவற்றோடு, நாட்டு விளையாட்டுகளும் குஸ்திப் போட்டியும் நிகழ்ச்சி நிரலில் இடம் பெறுகின்றன. நெல் இரகத்தைப் பார்வையிட வந்த உழவர் மாலையில் கோதாவின் ஓரத்தில் அமர்கிறார். விளையாட்டு இங்குத் தனித்துறையாகப் பிரியாமல், ஊர் வாழ்வின் ஒரு நாளாக நிற்கிறது.

எனினும் மண்ணுக்கும் விரிப்புக்கும் உள்ள இடைவெளி பெரிது. இதற்கு உரிய சான்று கே.டி. ஜாதவ் அவர்களின் வாழ்க்கை. மகாராஷ்டிரத்தின் கோலேசுவர் சிற்றூரில் மண் கோதாவில் பயின்ற அவர், 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் பழக்கமில்லாத விரிப்பின் மீது, பழக்கமில்லாத விதிகளுக்கு உட்பட்டுப் போரிட்டு ஆறாம் இடம் பெற்றார். நான்கு ஆண்டுகள் அவ்விதிகளைக் கற்றுத் தேர்ந்து, 1952இல் ஹெல்சிங்கியில் வெண்கலப் பதக்கம் வென்றார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. அப்பயணத்திற்காக அவர் பயின்ற கோலாப்பூர் இராஜாராம் கல்லூரியின் முதல்வர் தம் வீட்டை அடமானம் வைத்துப் பணம் தந்தார் என்பது வரலாறு. அடுத்த தனிநபர் பதக்கத்திற்கு நாடு 1996 வரை, அதாவது 44 ஆண்டுகள் காத்திருந்தது. கோதாவில் திறமைக்குப் பஞ்சமில்லை. அங்கிருந்து விரிப்புக்குச் செல்லும் பாலத்தைச் சமுதாயம் அமைக்கவில்லை.

கட்டளையும் விருப்பமும்

மைசூரில் வாழ்ந்த ஆர்.கே. நாராயண் 1935இல் வெளியிட்ட ‘சுவாமியும் நண்பர்களும்’ என்ற நாவல், விளையாட்டு ஆராய்ச்சியாளர்க்கும் பயன்படும் நூலாகும். மால்குடி என்னும் கற்பனை ஊரின் சிறுவர்கள் எம்.சி.சி. என்ற பெயரில் கிரிக்கெட் சங்கம் ஒன்றைத் தொடங்குகின்றனர். இலண்டனின் புகழ்பெற்ற சங்கத்துக்கும் அதே எழுத்துகள்தாம். ஆனால் இங்கு முதலெழுத்து மால்குடியைக் குறிக்கிறது. மட்டையும் பந்தும் வேண்டிக் கடைக்குக் கடிதம் எழுதுகின்றனர். சங்கம் நடத்தினால் அரசுக்கு வரி கட்ட வேண்டியிருக்குமோ என்று அஞ்சுகின்றனர். நன்றாகப் பந்து வீசும் சுவாமிநாதனுக்கு டேட் என்னும் ஆங்கிலேய வீச்சாளரின் பெயர் சூட்டப்படுகிறது.

அதே கதையில் பள்ளி நிர்வாகம் மாலைவேளையில் கட்டாய டிரில் பயிற்சி நடத்துகிறது. அதனால் சுவாமிநாதனுக்குக் கிரிக்கெட் பயிற்சிக்கு நேரம் கிட்டுவதில்லை. முடிவில் அச்சிறுவன் பள்ளியை விட்டே ஓடிப்போகிறான். போட்டி நாளன்று திடலில் இல்லை. டிரிலும் கிரிக்கெட்டும் ஆகிய இரண்டும் மேலை நாட்டிலிருந்து வந்தவையே. முன்னதைக் கட்டளையாகப் பெற்ற சிறுவன் வெறுத்தான். பின்னதைத் தானே அமைத்துப் பெயரிட்டுக் கொண்டதால் தன்னுடையதாகக் கருதினான். ஒரு விளையாட்டு எங்கே பிறந்தது என்பதைக் காட்டிலும், அதை யார் நடத்துகிறார்கள் என்பதே அது பண்பாடாகுமா என்பதை முடிவு செய்கிறது. இவ்வட்டாரம் கற்பிக்கும் தலையாய பாடம் இதுவே எனலாம்.

விதிநூல் பெற்ற நாட்டு விளையாட்டு

ஜப்பானின் ஜூடோவைப் போல் இந்திய நாட்டு விளையாட்டுகளும் நவீன அமைப்பைப் பெற்றன. கோ-கோ ஆட்டத்திற்குப் புனே நகரின் டெக்கான் ஜிம்கானா 1914இல் முறையான விதிகளை வகுத்தது. சடுகுடு ‘கபடி’ என்ற பொதுப்பெயரில் ஒழுங்கு பெற்று, 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் ஹனுமான் வியாயாமப் பிரசாரக் மண்டலத்தினரால் ஆடிக் காட்டப்பட்டது. 1990இல் பீஜிங் ஆசிய விளையாட்டுகளில் போட்டிப் பிரிவாயிற்று. 2018ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுகளில் இந்திய ஆடவரையும் மகளிரையும் ஈரான் அணிகள் தோற்கடித்தன. நம் ஆட்டத்தில் பிறர் நம்மை வெல்வது, அவ்வாட்டம் உலகுக்கு உரியதாகிவிட்டதன் அடையாளம், அது வருந்தத்தக்கதன்று.

கபினி காவிரியில் கலக்கும் இடம் திருமகூடலு நரசிப்பூர். நஞ்சன்கூட்டுக்கு அண்டை வட்டமான அதன் குருபூர் சிற்றூரைச் சேர்ந்தவர் பி. சைத்ரா. 2025 ஜனவரியில் புது தில்லியில் 23 நாடுகள் பங்கேற்ற முதலாவது கோ-கோ உலகக் கோப்பை நடைபெற்றது. ஜனவரி 19 அன்று நடந்த மகளிர் இறுதிப் போட்டியில் இந்தியா நேபாளத்தை 78-40 என்ற கணக்கில் வென்றது. அவ்வணியில் சைத்ரா ஆடினார். ஆடவர் இறுதியிலும் இந்தியா நேபாளத்தை 54-36 என்று வென்றது. அவ்வணியில் கருநாடகத்தின் எம்.கே. கௌதம் இடம் பெற்றிருந்தார்.

கோ-கோ விலை குறைந்த விளையாட்டு. இரு கம்பங்களும் சமதரையும் போதும். மட்டையோ பந்தோ காலணியோ வேண்டியதில்லை. கிராமப் பள்ளியின் பெண் குழந்தைகள் பெருமளவில் ஆடத் தக்கதாக அது விளங்குவதற்கு இந்த எளிமையே காரணம். ஆனால் உலகக் கோப்பை ஆட்டம் மண்ணில் நடைபெறவில்லை. உள்ளரங்கில், செயற்கை விரிப்பின் மீது நடைபெற்றது. ஜாதவ் 1948இல் சந்தித்த அதே இடைவெளி, கிராமத்துச் சிறுமிகளின் முன்பும் நிற்கிறது. விரிப்பில் பயிலும் வாய்ப்பு நகரத்துக்கே கிட்டுமாயின், எளியோர் விளையாட்டு என்ற சிறப்பைக் கோ-கோ இழக்கக்கூடும்.

வெற்றிக்குப் பின்னர் நிகழ்ந்ததும் கருதத்தக்கது. கருநாடக அரசு அறிவித்த 5 இலட்சம் ரூபாய்ப் பரிசை இவ்விருவரும் ஏற்க இயலாது என்று தெரிவித்தனர். மகாராஷ்டிர அரசு தன் வீரர்களுக்கு அறிவித்த தொகை இதனினும் பன்மடங்காக இருந்தது. தொகையைப் பற்றிய வாதம் ஒருபுறம் இருக்க, அவர்கள் எழுப்பிய வினா மதிப்பைப் பற்றியது. கிரிக்கெட்டில் உலகக் கோப்பை பெறுவோர்க்கு நாடு அளிக்கும் மதிப்பு, நாட்டு விளையாட்டில் உலகக் கோப்பை பெறுவோர்க்கும் உண்டா என்பதே அது. விளையாட்டின் பண்பாட்டு நிலையை அளக்க இதனினும் தெளிவான அளவுகோல் கிடைப்பது அரிது.

சமத்துவம்: வாக்குறுதியும் வரம்பும்

நவீன விளையாட்டின் ஏழு இயல்புகளில், நம் சமுதாயத்தை மிகுதியும் அசைத்தது சமவாய்ப்பு என்னும் கொள்கையாகும். விதியின் முன் குலம் இல்லை. எனினும் திடலுக்கு வெளியே அவ்விதி தானாகச் செல்வதில்லை. தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த பல்வங்கர் பாலு, 1911இல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். இருந்தும் பம்பாய்ப் போட்டிகளில் இந்து அணியின் தலைமை அவருக்கு அளிக்கப்படவில்லை. அவர் தம்பி விட்டலுக்கு 1923இல் அத்தலைமை கிட்டியது. அதுவும் நெடிய கிளர்ச்சிக்குப் பின்னரே. திடலில் ஒப்புக்கொண்ட திறமையைத் தேநீர் மேசையிலும் ஒப்புக்கொள்ளச் சமுதாயத்திற்குப் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. அவ்வினாவை எழுப்பும் வாய்ப்பைத் தந்தது திடல்தான் என்பதையும் மறுப்பதற்கில்லை.

பெண்களைப் பொறுத்தவரை இன்றும் இதே நிலை. தசராவில் பெண் மல்லருக்குப் பட்டம் உண்டு. ஆனால் பதின்மூன்று வயதுச் சிறுமி மாலை ஆறு மணிக்குத் திடலிலிருந்து தனியே வீடு திரும்ப இயலுமா, உடை மாற்ற அறை உண்டா, பயிற்றுநர்களில் பெண் ஒருவராவது உண்டா என்பவை பட்டத்தால் தீராத வினாக்கள். குருபூர் போன்ற ஊரிலிருந்து ஒருவர் உலகக் கோப்பை வரை செல்கிறார் எனில், பாதி வழியில் நின்றுவிட்டோர் எத்தனை பேர் என்பதையும் நிர்வாகம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சட்டம் கூறுவது யாது?

அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 33ஆம் இனத்தில், நாடகம், திரைப்படம், கேளிக்கை ஆகியவற்றோடு விளையாட்டும் இடம் பெற்றுள்ளது. ஆகவே இது மாநிலங்களின் பொறுப்பு. நகராட்சிகளுக்குரிய பன்னிரண்டாம் அட்டவணையின் 12ஆம் இனம் பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் ஆகியவற்றை வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. ஊராட்சிகளுக்குரிய பதினொன்றாம் அட்டவணையில் உள்ள 29 இனங்களில் விளையாட்டு என்ற சொல்லோ, திடல் என்ற சொல்லோ இல்லை. 21ஆம் இனமாகப் ‘பண்பாட்டு நடவடிக்கைகள்’ மட்டுமே உள்ளது. நஞ்சன்கூடு நகராட்சிக்குத் திடல் பெயர் சுட்டிய கடமை. குருபூர் போன்ற சிற்றூரின் ஊராட்சிக்கோ அது பண்பாட்டின் உட்பொருளாகக் கொள்ளத்தக்கது. விளையாட்டைப் பண்பாடாகக் கருத வேண்டும் என்ற கொள்கைக்கு, இவ்வாறு நடைமுறைப் பயனும் உண்டு.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. ஆனால் அதன் பரப்பளவை அச்சட்டத்தின் அட்டவணை வரையறுக்கவில்லை. இதனால் ஒரு முற்றமும் திடலாகக் கணக்கில் ஏறிவிடக்கூடும். 2025 ஜூலையில் நடுவண் அமைச்சரவை ஏற்ற ‘கேலோ பாரத் நீதி’ என்னும் தேசிய விளையாட்டுக் கொள்கை, விளையாட்டை மக்கள் இயக்கமாக்குவதைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. மக்கள் இயக்கம் தலைநகர அரங்குகளில் தோன்றுவதில்லை. ஊர்த் திடலிலேயே தோன்றும்.

செய்யத்தக்கவை

மேற்கண்ட செய்திகளிலிருந்து சில நடைமுறை முடிவுகளை வரையலாம்.

முதலாவதாக, புதிய அரங்குக்கு முன்னர் பழைய திடலைக் காத்தல் வேண்டும். ஊராட்சி வாரியாகப் பொதுத் திடல்களை அளந்து, எல்லைக்கல் நட்டு, நிலப்பதிவேட்டில் குறித்தல் செலவு குறைந்த பணி. நகரமும் தொழிற்பேட்டையும் விரியும் வட்டங்களில் இதைத் தள்ளிப்போட்டால், பின்னர் எத்தொகை கொடுத்தும் திடலை மீட்க இயலாது.

இரண்டாவதாக, மண்ணுக்கும் விரிப்புக்கும் இடையே பாலம் தேவை. வட்டத்திற்கு ஒரு விரிப்புக் கூடமாவது அமைத்து, குஸ்தி, கபடி, கோ-கோ ஆகியவை அதைப் பகிர்ந்துகொள்ளச் செய்யலாம். கரடி மனையின் வஸ்தாதுக்குப் பன்னாட்டு விதிகளில் குறுகிய காலப் பயிற்சி அளித்தால், அவர் மரபை இழக்காமலே புதிய களத்திற்கு மாணவரை அனுப்புவார். வெளியூர்ப் பயிற்றுநரை நியமித்து அவரை ஒதுக்கிவிடுதல் தகாது.

மூன்றாவதாக, திருவிழாவோடு விளையாட்டை இணைத்தல். சுத்தூர் விழாவைப் போல் மக்கள் தாமே கூடும் நாள்களில் போட்டிகளை நடத்தினால், பார்வையாளரைத் தேடவேண்டியதில்லை. அப்போட்டிகளில் பெண்களுக்குச் சமமான பரிசும் சமமான நேரமும் ஒதுக்கப்படுதல் இன்றியமையாதது.

நான்காவதாக, நடத்தும் பொறுப்பை ஊர்ச் சங்கங்களிடம் விடுதல். சிறுவரும் சிறுமியரும் தம் சங்கத்திற்குத் தாமே பெயரிட்டு, கணக்கு எழுதி, நடுவரைத் தேர்ந்து பழகுவது மக்களாட்சிக்கும் பயிற்சியாகும். மால்குடிச் சிறுவர்களை அஞ்சவைத்த வரி அலுவலரின் நிழல் இன்றைய சங்கங்களின் மீது விழலாகாது. பதிவு முறையும் மானியம் பெறும் முறையும் எளிதாதல் வேண்டும்.

முடிவுரை

நவீன விளையாட்டு மேலை நாடுகளிலிருந்து ஒரு விதிநூலுடன் வந்தது. எந்த நாளில் ஆடுவது, எந்த மண்ணில் ஆடுவது, யாரைச் சேர்ப்பது, வென்றவரை எவ்வாறு சிறப்பிப்பது என்பவற்றுக்கு அந்நூலில் விடை இல்லை. அவ்விடைகளை ஒவ்வொரு சமுதாயமும் தானே எழுதிக்கொண்டது. கபினிக் கரையில் தசராப் பட்டமாகவும், சுத்தூர்த் திருவிழாவின் ஒரு நாளாகவும், குருபூரிலிருந்து சென்ற உலகக் கோப்பை வெற்றியாகவும் அவ்விடைகள் காட்சி தருகின்றன. எழுதி முடியாத பகுதிகளும் உண்டு: சிற்றூரின் திடல், சிறுமியின் மாலைப்பொழுது, மண்ணிலிருந்து விரிப்புக்குச் செல்லும் வழி.

நஞ்சன்கூட்டின் ஐந்து தேர்களும் ஆண்டுதோறும் நிலைக்கு வந்து சேர்கின்றன. வடத்தை இழுப்போர் மாறினும் தேர்வீதி மாறாமல் காக்கப்படுவதே அதற்குக் காரணம். விளையாட்டுத் திடலுக்கும் அத்தகைய பாதுகாப்பை ஊர் அளிக்குமாயின், அங்கு ஆடப்படும் ஆட்டம் எந்த நாட்டில் பிறந்ததாயினும் அவ்வூரின் பண்பாடாகவே நிலைபெறும்.